போலிச் சரக்கைப் பிடித்த பிறகு என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

போலிப் பொருள் என்றாலே சுங்கச் சோதனையைக் கடுமையாக்கச் சொல்கிறார்கள். பிடித்த சரக்கு கைநழுவும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 55ஆம் பிரிவுப்படி, சுங்கத்துறை சரக்கை நிறுத்திய தகவல் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் வணிகச்சின்ன உரிமையாளர் வழக்குத் தொடங்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 10 வேலை நாள். தவறினால் சரக்கை விடுவிக்க வேண்டியதுதான். வணிகச்சின்னப் பதிவுச் சான்று, அசல் மாதிரி, வழக்கறிஞருக்கான அதிகாரப் பத்திரம் மூன்றும் முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால் இந்த அவகாசம் காகிதம் தேடுவதிலேயே கரைந்துவிடும்.

லேபிளைக் கிழித்துவிட்டுச் சரக்கைச் சந்தைக்கு விடுவதும் தவறு. விதிவிலக்கான சூழல் தவிர அது போதாது என்கிறது 46ஆம் பிரிவு. கிழித்த லேபிளை மறுபடி ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

அதேவேளை, கண்டுபிடிப்புக்கான காப்புரிமையை (பேடண்ட்) இந்தச் சுங்கச் சோதனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. போலிச் சின்னத்தை அச்சிலும் தையலிலும் அதிகாரி கண்டுபிடிக்கலாம். மாத்திரை அட்டையைப் பார்த்துக் காப்புரிமை மீறலை எப்படித் தீர்மானிப்பார்? இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன லோசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்துச் சரக்கை 2008இல் வழியிலேயே காப்புரிமை மீறல் என்று நெதர்லாந்து சுங்கத்துறை நிறுத்தியது. அனுப்பிய நாட்டிலும் வாங்கிய நாட்டிலும் அதற்குக் காப்புரிமை கிடையாது. காத்திருந்த நோயாளிகளுக்கு யார் பதில் சொல்வது? காப்புரிமைத் தகராறை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்