கொழும்புக்கு வெளியிலும் வானொலி கேட்டார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வந்த வானொலி நூற்றாண்டுக் கட்டுரையைப் படித்தேன். 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது, அதற்கு முன்பே தந்தித் திணைக்களத்து எட்வர்ட் ஹார்ப்பர் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் பாகங்களைக் கொண்டு சோதனை செய்து பார்த்தது, எல்லாம் சரி. அப்புறம் ஒரு வரி: "இலங்கை வானொலி தீவின் மூலைமுடுக்கெல்லாம் தெளிவாக ஒலித்தது." எழுதியவர் எந்த மூலையில் இருந்து கேட்டாரோ! திருகோணமலையும் இந்தத் தீவில்தான் இருக்கிறது என்பதை ஆசிரியருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உப்புவெளியில் எங்கள் வீட்டு ஏரியல் கம்பி தென்னைக்கும் குசினிக் கூரைக்கும் நடுவே தொங்கும். கடற்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும். ஐயா கதிரையில் ஏறிக் கத்தியால் சுரண்டுவார். அம்மா உள்ளே இருந்து "இப்ப கேக்குது, இப்ப இல்லை" என்று குரல் கொடுப்பா. மரண அறிவித்தல் நேரத்தில் பெயர் கரகரப்பில் போய்விடும், "காலமானார்" மட்டும் துல்லியமாகக் கேட்கும். யார் என்று சைக்கிளில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். இரவானால் திருச்சி வானொலி அடுத்த வீட்டில் பேசுவதுபோல வரும். 1950இல் வந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு நேயர்கள் சிற்றலையில் ஆனந்தமாகக் கேட்டார்கள். அவர்களுடைய பெயர்களை வரிசையாக வாசிப்பதை நாங்கள் இரைச்சலோடு கேட்டோம். லைசன்ஸ் காசு கட்டினது நாங்கள்.

பிராந்திய ஒலிபரப்பு பற்றியும் எழுதியிருக்கிறார். 1979இல் அநுராதபுரத்தில் ராஜரட்ட சேவை வந்தது, சந்தோசம். அந்த ஊர்க்காரருக்கு அந்த ஊரிலிருந்தே வானொலி, அப்படித்தான் வேண்டும். எங்கள் பக்கம் 1980களில் வந்ததோ ஜெர்மனியின் வெளிநாட்டு வானொலியான டொய்ச்ச வெல்ல. நிலாவெளிக்கு அப்பால் அவர்கள் நட்ட கோபுரங்களால் ஜெர்மன்காரரின் சேதி ஆசியாவெங்கும் போனது. இங்கே கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், நாளைக்குக் கடல் எப்படி என்று அறியக் கொழும்புச் செய்தியின் கடைசி வரிக்குக் காத்திருந்தார். பிற்காலத்தில் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கே வந்துவிட்டது. கட்டுரையில் இதற்கு அரை வரிகூட இல்லை. நீர்மூழ்கிக்கு மட்டும் படத்தோடு இடம்!

முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறை என்று விளங்கிக்கொண்டேன், அந்தக் கிழமை ஒரு நடிகையின் பூனைக்கு முக்கால் பக்கம் தேவைப்பட்டது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திய வானொலி நிகழ்ச்சி நிரலைக் கிழமைக்கு ஒரு தடவையாவது போடுங்கள். கால் பக்கம் போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் ஐயாவின் கத்தியை வெட்டுங்கள், நிலாவெளியில் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய நேயர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.