வசனத்தை எடுத்துவிட்டுப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. குரங்கும் தெருநாயும் வரும் உங்கள் அனிமேஷன் குறும்படத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதனால் குரங்குக்கு இன்னும் நிறைய வசனம் எழுதச் சொல்கிறார்கள் என்றாய். எழுத உட்காரும் முன்னால் 'ஷான் தி ஷீப் மூவி'யை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டுடியோ எடுத்து 2015-இல் வெளிவந்த பொம்மை அனிமேஷன் படம். மார்க் பர்ட்டன், ரிச்சர்ட் ஸ்டார்சாக் இருவரும் எழுதி இயக்கியது. 85 நிமிடம் ஓடுகிறது. அதில் புரிகிற மாதிரி ஒரு வார்த்தைகூட யாரும் பேசுவதில்லை. ஆடுகள் கத்துகின்றன, நாய் உறுமுகிறது, மனிதர்கள்கூட வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார்கள், அவ்வளவுதான். உன் அண்ணன் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு நானோ எனக்கு அவனோ எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கதை இதுதான். ஒரு பண்ணை. தினமும் அதே சேவல் கூவல், அதே தீவனம், அதே வேலை. சலித்துப்போன ஷான் என்ற செம்மறிக்கு ஒருநாள் லீவு வேண்டும். ஆடுகள் சேர்ந்து பண்ணைக்காரரைத் தூங்கவைத்துப் பழைய கேரவன் வண்டியில் படுக்க வைக்கின்றன. வண்டி உருண்டு நகரத்துக்கே போய்விடுகிறது. தலையில் அடிபட்டு அவருக்கு எல்லாம் மறந்துபோகிறது. ஆடுகள் பஸ் ஏறித் தேடிப்போகின்றன. எழுதினால் ஒரு பத்திக்குள் அடங்கிவிட்டது பார். ஆனால் அவரை ஆடுகள் தூங்கவைக்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் வேலி தாண்டும் ஆடுகளை எண்ணுவது அந்த ஊர்ப் பழக்கம். இங்கே நிஜ ஆடுகளே வரிசையாக வந்து வேலியைத் தாண்டுகின்றன. தாண்டியது சுற்றிக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் நிற்கிறது. பண்ணைக்காரர் ஆடுகளை எண்ணவேண்டியவர்தானே, எண்ணுகிறார், எண்ணி எண்ணிக் கண் சொக்கிச் சாய்கிறார். யாரும் கோமாளித்தனம் செய்யவில்லை. தாண்டுகிற ஒவ்வொரு ஆடும் ஆபீஸ் வேலை பார்க்கிற முகத்தோடு தாண்டுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

உன்னிடம் நான் சொல்ல வந்ததும் இதையே. அந்தப் படத்தில் சிரிக்கவைக்க யாருமே முயற்சி செய்யவில்லை, பாப்பா. ஒவ்வொருவருக்கும் தன் வேலை உயிர்போகிற வேலை. பண்ணையின் காவல் நாய் பிட்சரை எடுத்துக்கொள். நீலக் குல்லாய், கழுத்தில் விசில், கையில் அட்டை. ஆடுகளைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு முழுவதும் தன் தலையில்தான் என்று நம்புகிறவன். எஜமானைத் தேடி ஆஸ்பத்திரிக்குள் போனவன் டாக்டர் உடுப்பில் ஆபரேஷன் தியேட்டர்வரை போய்விடுகிறான். அங்கே ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. கடமை ஒரு பக்கம் இழுக்க, எலும்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது. அவன் நாய்தானே! அவன் குணத்தைத் தெரிந்துகொண்ட நமக்கு அந்த எலும்பைக் காட்டினாலே போதும். குணம் தெரியாமல் காட்டியிருந்தால் அது வெறும் எலும்பு.

உங்கள் குரங்கைப் பற்றி நீ சொன்னதெல்லாம் அது என்ன செய்கிறது என்பதுதான். பழத்தைத் திருடுகிறது, கயிற்றில் தொங்குகிறது, விழுகிறது. அது எதற்கு ஆசைப்படுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று நீ சொல்லவே இல்லை. அதை முதலில் முடிவு செய்.

அப்புறம் ஷானின் முகம். கறுப்பு முகம், இரண்டு வெள்ளை முட்டைக் கண்கள், அவற்றில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். வாய் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிவதில்லை. இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவன் யோசிப்பதை நமக்குக் காட்டுகிறார்கள். முதலில் கண் ஒன்றைப் பார்க்கும். அப்படியே நிற்கும். பிறகு பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும். மறுபடி முதலில் பார்த்ததற்கே வரும். அவ்வளவில் அவன் போட்ட திட்டம் நமக்கும் தெரிந்துவிடுகிறது. பிட்சரை அப்புறப்படுத்த வாத்துக்கு ரொட்டித் துண்டு லஞ்சம் கொடுக்கிறான் பார், அந்தப் பேரத்தில் பாதி கண்ணிலேயே நடக்கிறது. அந்த நிற்கும் நேரம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வகுப்பில் கதை சொல்லும்போது குழந்தைகள் சிரிப்பது நான் சொல்லி முடித்த பிறகு இல்லை, அடுத்தது என்ன என்று அவர்களுக்கே தெரிந்துவிட்ட அந்த நொடியில். வசனம் எழுதினால் அந்த நொடியை வசனம் தின்றுவிடும். நம் பக்கத்திலும் 1987-இல் 'பேசும் படம்' வந்ததே, கமல் ஒரு வார்த்தை பேசாமல் நடித்தது, அதிலும் சிரிப்பெல்லாம் இப்படிக் காத்திருக்கும் இடங்களில்தான் வந்தது.

கையால் செய்த பொம்மைகள் என்பது இன்னொரு அழகு. ஸ்டாப் மோஷன் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வினாடிக்கு 24 ஃப்ரேம், பொம்மையை மயிரிழை நகர்த்திப் படம் எடுத்து, மறுபடி நகர்த்தி, ஒரு நாள் முழுக்க உழைத்தும் ஓர் ஆளுக்குச் சில வினாடிப் படம் தேறினால் பெரிது. ஆர்ட்மேன் படங்களில் பிளாஸ்டிசின் என்ற களிமண் மாதிரிப் பொருளில் செய்த முகங்களில் விரல் ரேகைகூட அங்கங்கே தெரியும். அதை அவர்கள் துடைத்துச் சுத்தமாக்குவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மயிரையும் பளபளவென்று காட்டுகிற படங்களில் மிருகத்தைப் பார்த்து வியக்கிறோம், ஆனால் அதன் கண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இங்கே கம்பளி கம்பளியாக இருக்கிறது, வீட்டில் சாமான்கள் பழையதாக இருக்கின்றன, அதனால் கண் நேராக முகத்துக்குப் போகிறது. நீங்கள் கம்ப்யூட்டரில்தான் செய்கிறீர்கள், சரி. அதிலும் எதை விட்டுவிடலாம் என்று யோசிக்கலாமே.

கூட்டத்தில் யார் யார் என்று பிரித்துக் காட்டியிருப்பதையும் பார். ஷெர்லி என்ற பெருத்த ஆடு, தலைமுடியில் சுருள் மாட்டிய ஒரு தாய், அவள் குட்டி டிம்மி. நிழலாகக் காட்டினாலே யாரென்று சொல்லிவிடலாம். மனித உடை போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் போகும் காட்சியில் எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல், வேறு மேஜைக்காரர் செய்வதையெல்லாம் பார்த்து அத்தனை ஆடுகளும் அப்படியே செய்கின்றன. மந்தை என்றால் ஒன்று செய்வதை மற்றது செய்யும் என்ற இயல்பிலிருந்தே அந்தச் சிரிப்பு வந்திருக்கிறது. குரங்கும் பார்த்ததைச் செய்யும் என்பார்கள். யோசித்துப் பார்.

இந்த ஷான் 1995-இல் ஆர்ட்மேன் இயக்குநர் நிக் பார்க்கின் ஒரு குறும்படத்தில் சின்னப் பாத்திரமாக வந்தவன். 2007-இலிருந்து டிவியில், ஒவ்வொன்றும் ஏழு நிமிடக் குறும்புக் கதைகள். ஏழு நிமிடத்துக்குக் குறும்பு போதும். 85 நிமிடத்துக்குப் போதாது. அதனால்தான் பண்ணைக்காரர் ஆடுகளை மறக்க வேண்டியிருந்தது. ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த கைப்பழக்கத்தில் நகரத்தில் முடி வெட்டிப் பெரிய பெயர் வாங்கிவிடுகிறார். அதுவரை சிரிப்பு. ஷான் அவரைக் கண்டுபிடித்து எதிரே போய் நிற்கிறான், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த இரண்டு கறுப்புப் புள்ளிகளும் மெல்லக் கீழே இறங்குகின்றன. உன் அண்ணன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். படத்தின் ஆரம்பத்தில் ஷான் குட்டியாகவும் பண்ணைக்காரர் இளைஞராகவும் இருந்த பழைய நாட்களைக் காட்டியிருப்பார்கள், அதை நாம் மறக்கவில்லை என்பதால்தான் இங்கே வலிக்கிறது. ஆஸ்கருக்கு இந்தப் படத்தைப் பரிந்துரைத்தவர்களும் இந்த இடத்தில் என்னைப் போலத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது ஒன்று செய். குரங்கின் வசனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அது பழத்தைப் பார்க்கும் இடத்திலிருந்து திருடும் இடம்வரை முகத்தை மட்டும் பென்சிலில் வரைந்து எனக்கு அனுப்பு. எத்தனை தாள் ஆனாலும் பரவாயில்லை. உன் அண்ணன் மகனிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, எந்தத் தாளில் அவன் சிரிக்கிறான், எந்தத் தாளில் வேறு பக்கம் திரும்புகிறான் என்று குறித்து எழுதுகிறேன். உன் ஆபீஸில் அந்தக் காட்சிக்குக் கெடு எப்போது என்று சொல்லு, அதற்கு முன்னால் அனுப்பிவிடுகிறேன். ராத்திரி கண்விழித்து வேலை செய்தால் காலையில் பட்டினியாகக் கிளம்பாதே.

அன்புடன்,
அம்மா