அந்தப் 11 வினாடிகள்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களும் என் மேசையின் மேலேயே இருக்கின்றன. இரண்டாவது கடிதத்தில் நீ கோபப்படாமல் நலம் மட்டும் விசாரித்திருந்தாய். அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இங்கே அனைவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் வீட்டில் எல்லோரையும் நான் விசாரித்ததாகச் சொல். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குச் சாக்குப்போக்குச் சொல்லப் போவதில்லை. உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு இந்தக் கடிதம் முழுவதும் வேண்டியிருக்கும்.

நம் பாட்டின் இரண்டாவது இடையிசையில், புல்லாங்குழல் ஓய்ந்த பிறகு வருமே அந்தப் 11 வினாடி ஒலி, அதை நான் செய்து முடித்துவிட்டேன். செய்து முடித்துவிட்டதாக நம்புகிறேன் என்பதே சரி. அந்த நம்பிக்கை சரிதானா என்று சொல்லக்கூடியவன் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஏழு வாரங்களாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். உண்மையான கருவி எதுவும் என்னிடம் இல்லை. கணினியிலேயே ஒலியை உருவாக்கும் மென்பொருள் சிந்தசைசர்கள் மட்டுமே உண்டு. முதல் இரண்டு வாரம் எதையும் தொடவே இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்போதுதான் அந்த ஒலியில் இரண்டு அடுக்குகள் இருப்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு சிறு மணி ஒலித்து அடங்குகிறது. அதன் அடியில், பனி இறங்குவதுபோல் மெதுவாக எழுந்து பரவும் இன்னொரு ஒலி நெடுநேரம் நிற்கிறது. தபேலாக்காரர் அது ஒரே கருவிதான் என்று சத்தியம் செய்ததும், நீ இல்லை, இரண்டு என்று சாதித்ததும், அதற்காக நீங்கள் இருவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் நினைவிருக்கிறதா? நான் அன்று அவர் பக்கம் நின்றேன். நீ சொன்னதுதான் சரி. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

மணியில் இருந்து தொடங்கினேன். சிந்தசைசரின் வழக்கமான அலை வடிவங்களான ரம்பப்பல் அலையையும் சதுர அலையையும் எவ்வளவு வடிகட்டினாலும் மணி வராது. அவற்றின் மேற்சுரங்கள் எல்லாம் அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களாகவே அடுக்கப்பட்டிருக்கும். உலோகத்தைத் தட்டினால் வரும் ஒலியோ அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதது. ஆகவே அதிர்வெண் பண்பேற்றத்திடம் போனேன். 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங், ஒரு சுரத்தின் அசைவை மிக வேகமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்த முறை அது. ஒரு சுரத்தை வினாடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் அசைத்தால் நமக்குக் கமகம் போலக் கேட்கும். அதையே வினாடிக்கு நூறு முறை அசைத்தால் காதால் அசைவைப் பிரித்தறிய முடியாமல் போய், ஒலியின் நிறமே மாறிவிட்டதாகத் தோன்றும். இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் திருகை மெல்லத் திருப்பி, ஆட்டமாகக் கேட்ட ஒன்று ஒரு கணத்தில் வெண்கலமாக உறைந்ததைக் கேட்ட இரவில்தான் அது எனக்கு உண்மையாகப் புரிந்தது. அதை உரிமம் பெற்று யமஹா 1983-இல் கொண்டுவந்த டிஎக்ஸ்7 சிந்தசைசரில் ஆபரேட்டர் எனப்படும் ஆறு அலை உருவாக்கிகளும், அவற்றை இணைக்க 32 வழிகளும் இருந்தன. எனக்கு இரண்டே ஆபரேட்டர்கள் போதுமானவையாக இருந்தன. அசைக்கப்படுவதற்கும் அசைப்பதற்கும் உள்ள அதிர்வெண் விகிதம் முழு எண்ணாக இருந்தவரை ஆர்கன் போலவே ஒலித்தது, 1-க்கு 3.5 என்று வைத்ததும் மணி பிறந்தது. அதன்பின் அசைப்பின் அளவையும் ஒலியோடு சேர்ந்து குறையும்படி அமைத்தேன். தட்டியவுடன் பளீரென்றும், அடங்க அடங்க மழுங்கலாகவும் கேட்கும் அந்த இயல்பு அங்கிருந்துதான் வருகிறது.

மணி ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அடியில் நிற்கும் அந்த ஒலிதான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது.

அது ரம்பப்பல் அலை என்பதில் சந்தேகம் இல்லை. உச்ச ஒலிகளை வடிகட்டும் ஃபில்டரை நன்றாக மூடி, ஒலி எழ எடுக்கும் நேரமான அட்டாக்கை அரை வினாடிக்கு மேல் இழுத்ததும் உடல் வந்துவிட்டது, உயிர் வரவில்லை. பாட்டில் அது சும்மா நிற்பதில்லை, உள்ளுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். என்னுடையதோ சுவரில் அடித்த சுண்ணாம்பு போல அசையாமல் கிடந்தது. எல்லோரும் செய்வதைப்போல நானும் அலையை உருவாக்கும் ஆஸிலேட்டர் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்து, அதன் சுருதியை முதலாவதில் இருந்து 7 சென்ட் விலக்கினேன். ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். இரண்டு ஒலிகள் இப்படி மயிரிழை விலகி நின்றால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். ‘விம்மல்கள்’ என்று பாடநூலில் இருந்தது, அந்தச் சொல்லை நீ எங்கே எழுதி வைத்து அடி வாங்கினாய் என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம் எவ்வளவோ, வினாடிக்கு அத்தனை முறை ஒலி விம்மி அடங்கும். கேட்டதும் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஆனால் இடையிசையின் கடைசிச் சுரம் வரும்போது ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் பிசகியது. நான்கு இரவுகள் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஓர் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 220 ஹெர்ட்ஸில் 7 சென்ட் விலகல் என்பது வினாடிக்கு 0.89 விம்மல். ஒரு ஸ்தாயி மேலே, 440 ஹெர்ட்ஸில், அதே 7 சென்ட் 1.78 விம்மலாகிவிடும், இன்னொரு ஸ்தாயி ஏறினால் 3.57. அதாவது, இரண்டு ஆஸிலேட்டர்களால் வரும் சுழற்சி மேலே போகப் போக வேகம் கூட வேண்டும். என்னுடையது அப்படித்தான் படபடத்தது. நம் பாட்டில் அப்படி இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்பதுபோல எண்ணிப் பார்த்தேன்: கீழ்ச் சுரத்திலும் மேல் சுரத்திலும் சுழற்சி ஒரே வேகத்தில், ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒருமுறை, மாறாமல் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் அந்த அசைவு ஆஸிலேட்டரில் பிறக்கவில்லை, எல்லாச் சுரங்களும் ஒன்றாகக் கடந்துபோகும் ஏதோ ஒன்றில் பிறக்கிறது. கோரஸ்!

ரோலண்ட் 1984-இல் வெளியிட்ட ஜூனோ-106 சிந்தசைசரில், சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஒரு ஆஸிலேட்டர்தான். அது மெலிந்து ஒலிக்காமல் காப்பாற்றியது அதிலிருந்த கோரஸ் என்னும் மின்சுற்று. நெருப்பை அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதுபோல ஒலியை நூற்றுக்கணக்கான சிறு மின்தேக்கிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றித் தாமதப்படுத்தும் சில்லு அதற்குள் இருந்தது. அந்தக் கைமாற்றும் வேகத்தை மெல்லக் கூட்டியும் குறைத்தும், தாமதித்த ஒலியை நேர் ஒலியோடு கலந்தால் கிடைப்பதுதான் அந்தச் சுழற்சி. நான் இரண்டாவது ஆஸிலேட்டரை அணைத்தேன், கோரஸைப் போட்டேன், கடைசிச் சுரத்தை அழுத்தினேன். நண்பா, அறைக்குள் யாரோ வந்து நின்றதுபோல இருந்தது. ஒரே கருவி கோரஸ் வழியாக ஒலித்திருந்தால் மணியும் சேர்ந்து சுழன்றிருக்க வேண்டும். பாட்டில் மணி அசையாமல் நிற்கிறது, அதன் கீழ் இருப்பது மட்டுமே சுழல்கிறது. ஆகவே அவை இரண்டு கருவிகள். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தபேலாக்காரர் இருந்திருந்தால் அவரையும் கேட்க வைத்திருப்பேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் என் ஒலியையும் பாட்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டபோது இரண்டும் அச்சு அசலாக ஒத்திருந்தும், எனக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. பாட்டே சரியில்லாததுபோல் தோன்றியது. நான் தேடியது இது இல்லையோ என்று கலங்கிப்போனேன். அப்போதுதான் ஹார்மோனியம் நினைவுக்கு வந்தது. கேசட்டைக் கேட்டு அந்த இடையிசையை அதில் வாசிக்க முயலும்போதெல்லாம் பாட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ போய் நிற்கும். பெட்டி பழுது என்று இரண்டு வருடம் அதைத் திட்டித் தீர்த்தோம் அல்லவா? இப்போது என்னிடம் உள்ள டிஜிட்டல் பிரதி, 440 ஹெர்ட்ஸை அளவுச் சுருதியாகக் கொண்ட கணக்குப்படி, ஒரு கட்டையின் மேல் அப்பழுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் குறை இல்லை. உன் டேப் ரெக்கார்டர்தான் வேகமாக ஓடியிருக்கிறது. கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், 4.90 ஓடினாலே, அதாவது 3 சதவீதம் கூடினாலே, சுருதி அரைச்சுரத்தில் பாதி ஏறிவிடும். சுருதி மட்டும் ஏறுவதில்லை, கோரஸின் சுழற்சி, மணி அடங்கும் நேரம் எல்லாமே அதே விகிதத்தில் துரிதமாகும். கூடவே, தேய்ந்துபோன ரப்பர் உருளையால் நாடா சீராக ஓடாமல் அசைந்ததும், நாடாவைப் படிக்கும் அழுக்கேறிய ஹெட் உச்ச ஒலிகளை மழுக்கியதும் சேர்ந்திருக்கும்.

ஆகவே இரண்டாவதாக ஒன்று செய்தேன். 3 சதவீதம் வேகம் கூட்டினேன், ஒழுங்கற்ற ஒரு சிறு அசைவைச் சேர்த்தேன், 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத் தேய்த்துவிட்டேன். ஓடவிட்டதும் நான்காவது வினாடியிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். உங்கள் மொட்டை மாடியில், கரண்ட் போன இரவில், பேட்டரி தீரும்வரை கேட்டோமே, அந்த ஒலி அது.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். மகளிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். இரண்டிலும் மணி காதைக் குத்துகிறது என்றாள். எனக்கோ அது மிக மென்மையாகக் கேட்டது. அவள் வற்புறுத்தியதால் காதுப் பரிசோதனைக்குப் போனேன். வரைபடத்தில் இரண்டு காதுகளின் கோடும் 2000 ஹெர்ட்ஸ் வரை சமமாக வந்து, 4000-இல் பள்ளமாக இறங்குகிறது; இடது காதில் இன்னும் ஆழமாக. பல வருடம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு வழக்கமாக வருவதுதான், இழந்தது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அஞ்சும்படி ஒன்றுமில்லை, பேச்செல்லாம் நன்றாகவே கேட்கிறது. ஆனால் யோசித்துப் பார். என் காதில் விழாததை ஈடுகட்ட, என்னை அறியாமலேயே மணியைக் கூராக்கிக்கொண்டே போயிருக்கிறேன். எது சரியாக இருக்கிறது என்று நான் தீர்மானித்தேனோ, அது என் பள்ளத்தை நிரப்பும் அளவுக்குத்தான் சரி. பாட்டையும் அதே காதால்தான் கேட்கிறேன் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறு வராது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்காத ஒன்றை எதனோடு ஒப்பிடுவது? பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே அந்தக் கயிறு உரசுவதைக் கேட்டவன் நீ. அந்தக் காது இன்னும் உனக்கு இருக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் அனுப்புகிறேன். அதில் மூன்று கோப்புகள், 1, 2, 3 என்று மட்டும் பெயரிட்டிருக்கிறேன். ஒன்று அசல், மற்ற இரண்டும் நான் செய்தவை. எது எது என்று சொல்லப் போவதில்லை. தொலைபேசியில் கேட்காதே, நல்ல ஹெட்போனில் கேள். மூன்றாவது சுரத்தில் மணி எப்படி அடங்குகிறது என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். குத்தினால் குத்துகிறது என்று எழுது, என் மனம் நோகும் என்று தயங்காதே. கூராக இருந்தால் நீ சொல்லச் சொல்லக் குறைத்துக்கொண்டே வருவேன்.

இன்னொன்று. அந்தக் கேசட் உன்னிடம்தான் இருக்க வேண்டும். நீல மையில் என் கையெழுத்தில் பெயர் எழுதியது. டேப் ரெக்கார்டரும் பரணில் இருந்தால் இறக்கு. பெல்ட் தளர்ந்து போயிருக்கும், பார்க்காமல் நாடாவைப் போட்டுவிடாதே, சிக்கினால் போயிற்று. முதலில் வேறொரு கேசட்டை ஓட்டிப் பார். ஓடினால் அந்த இடையிசையை மட்டும் பதிவு செய்து அனுப்பு. 3 சதவீதம் என்பது என் நினைவில் இருந்தும் ஹார்மோனியத்தில் இருந்தும் எடுத்த கணக்கு. நாடாவில் இருந்து அளந்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

அடுத்த மாதம் வரை எனக்கு வேறு வேலை இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் ஒற்றைவிரல் வித்வான்