வசந்தாவுக்கு: பேட்டரி ஸ்க்ரூடிரைவர் வாங்கும் முன்

அன்புள்ள வசந்தா,

மேடவாக்கம் வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா பேப்பரை மறுபடி தானே படிக்கிறாள், சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஓடுகிறது. உன் பால்கனி கிழக்குப் பார்த்ததா மேற்குப் பார்த்ததா என்று கேட்கச் சொன்னாள், மறக்காமல் பதில் எழுது. என் மணிக்கட்டு வலி பரவாயில்லை, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, நீ கேட்ட விஷயம். ஒரு கீலை இறுக்க ஆசாரிக்கு நாலு தரம் போன் செய்ய வேண்டியிருக்கிறது, நானே ஒரு பேட்டரி ஸ்க்ரூடிரைவர் வாங்கி வைத்துக்கொள்கிறேன், எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்கிற நமக்கு மிக்சி எவ்வளவு அவசியமோ அவ்வளவு இதுவும் அவசியம் என்று நிஜமாகவே நினைக்கிறேன். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டு கடைக்குப் போ, இல்லாவிட்டால் உனக்கு வேண்டாத பெரிய சாமான் ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

3.6 வோல்ட் சின்ன மிஷின்தான் உனக்குப் போதும். அது கையை விடப் பெரிய பலம் எதையும் தராது என்பதை முதலில் புரிந்துகொள். பெட்டியில் டார்க், அதாவது திருப்புகிற பலம், என்று 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை போட்டிருப்பார்கள், நல்ல பிடியுள்ள திருப்புளியை அழுத்தித் திருப்பினால் கையே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். மிஷின் மிச்சம் பிடித்துக் கொடுப்பது சுற்றை. ஒரு அங்குல ஸ்க்ரூ பலகைக்குள் முழுக்க இறங்க ஏறக்குறைய 12 முதல் 15 சுற்று வேண்டும், கையால் திருப்பினால் ஒரு தடவைக்கு அரைச் சுற்றுதான் வருகிறது, ஆக ஒரே ஒரு ஸ்க்ரூவுக்கு மணிக்கட்டை இருபத்தைந்து முப்பது தரம் முறுக்குகிறோம், பிரித்த நிலையில் வந்து இறங்குகிற ஒரு புத்தக அலமாரிக்கு இப்படி எத்தனை ஸ்க்ரூ என்று நீயே கணக்குப் போட்டுப் பார். மிஷின் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினாலே அந்த ஸ்க்ரூ நாலைந்து வினாடியில் உள்ளே போய்விடும். நம் மாதிரி கை வலி உள்ளவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்.

கடைசி இறுக்கத்தைக் கையால்தான் கொடுக்க வேண்டும். சுவிட்சை விட்டுவிட்டு மிஷினையே திருப்புளி போலப் பிடித்து ஒரு திருகு திருகினால் சிக்கென்று உட்காரும். அதற்கு உள்ளே ஸ்பிண்டில் லாக், அதாவது சுவிட்சை விட்டதும் முனை சுற்றாமல் பிடித்துக்கொள்கிற பூட்டு, இருக்க வேண்டும். கடையிலேயே சுவிட்சைத் தொடாமல் பிட்டை, அதாவது முனையில் செருகுகிற திருப்புளி நுனியை, விரலால் திருகிப் பார், அசையாமல் நின்றால் லாக் இருக்கிறது, வழவழவென்று சுற்றினால் அந்த மாடலை வைத்துவிடு.

12 வோல்ட் மிஷினைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவார். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன், 30 நியூட்டன் மீட்டர் வரை இழுக்கும், பலகையில் துளையும் போடும், பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். ஆனால் பேட்டரியோடு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், சின்னது 300-லிருந்து 500 கிராமுக்குள் அடங்கிவிடும். லாஃப்ட் கதவுக் கீலை இறுக்க ஸ்டூலில் ஏறி நின்று கையை மேலே தூக்கிப் பிடிக்கும்போது அந்த அரைக் கிலோவின் அருமை தெரியும். அதோடு அந்தப் பலம் உன் வீட்டுப் பலகைக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது வருகிற அலமாரிகள் எல்லாம் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, மேலே மெல்லிய வழவழப்பான தாள். ஸ்க்ரூ இறங்கும்போது அதன் தலையையே பார்த்துக்கொண்டிரு. தலை பலகையைத் தொட்ட கணத்தில் சுற்றியிருக்கும் தாள் லேசாகச் சுருங்கும், அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் அரைச் சுற்று போனால் உள்ளே மரை பிடித்துக்கொண்டிருந்த துகள் உதிர்ந்துவிடும், அப்புறம் ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே சும்மா சுற்றும், பிடிப்பே இருக்காது. இதைத் தடுக்கத்தான் கிளட்ச். மிஷினின் கழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கும், வைத்த அளவுக்கு மேல் இறுக ஆரம்பித்ததும் டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு பிட் சுற்றாமல் நின்றுவிடும். சில மாடலில் சத்தமே இல்லாமல் மோட்டார் தானாக நிற்கும், அதுவும் நல்லதுதான். எப்போதும் 1-இல் ஆரம்பித்து, ஸ்க்ரூ தலை மட்டமாக உட்காரும் எண் வரை ஒவ்வொன்றாக ஏற்று. கிளட்ச் இல்லாத மிஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே, இதில் நான் பிடிவாதம்.

அலமாரியில் மினிஃபிக்ஸ் என்று வட்டமாக ஒரு பூட்டு வருமே, இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடிப்பது, அதில் மிஷினை வைக்கவே வைக்காதே. அதற்கு அரைச் சுற்றுதான் கணக்கு, கைத் திருப்புளியால் மெதுவாகத் திருப்பு. ஏற்கெனவே ஆட்டம் கண்ட கீல் ஏதாவது இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி, தீக்குச்சி இரண்டில் பெவிகால் தடவித் துளைக்குள் அடைத்து, மட்டமாக நறுக்கிவிட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் பூட்டு. அப்படியே நிற்கும். பிளைவுட்டிலோ கெட்டி மரத்திலோ புதிதாக ஸ்க்ரூ போடுகிறாய் என்றால் முதலில் 2 மில்லிமீட்டரில் சின்னத் துளை ஒன்று போட்டுக்கொள், மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள், சின்ன மிஷினே சுலபமாக இறக்கிவிடும்.

வோல்ட் விஷயத்தில் இன்னொன்று. ஆன்லைனில் 48 வோல்ட், 88 வோல்ட் என்றெல்லாம் போட்டு மலிவாக விற்கிறார்கள், அந்த எண்ணை நம்பாதே. லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், ஒழுங்கான மிஷின்கள் அதன் மடங்காகத்தான் வரும்: ஒரு செல் 3.6, மூன்று செல் 10.8 (அதைத்தான் 12 என்று எழுதுகிறார்கள்), ஐந்து செல் 18. கையடக்கமான பேட்டரிக்குள் 48 வோல்ட்டுக்கு வேண்டிய பதிமூன்று செல்லை எங்கே வைப்பார்கள்? பாஷ் கம்பெனி 2003-இல் இக்ஸோ என்று லித்தியம் பேட்டரி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சாமான் வீட்டுக்கு லாயக்கானது. அதற்கு முன் நிக்கல் காட்மியம், டிராயரில் சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கிவிடும், வேண்டும்போது எடுத்தால் சுற்றாது. லித்தியத்தில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. பேட்டரியின் கொள்ளளவு 1.5 ஆம்பியர் அவர் இருந்தால் போதும். சார்ஜ் ஏற்ற யூஎஸ்பி-சி இருந்தால் போன் சார்ஜரே உதவும், தனி அடாப்டரைத் தேட வேண்டாம். சின்ன மாடல்களில் பேட்டரி உள்ளேயே இருக்கும், கழற்ற முடியாது, அதனால் சென்னையில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியாகப் பார்த்து வாங்கு. லித்தியத்துக்கு வெயில் ஆகாது. கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுவிடாதே, மொட்டைமாடி அறையிலும் வைக்காதே. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு ஹாலில் ஒரு டிராயரில் கிடக்கட்டும்.

இனி பிட். மிஷினில் மிச்சம் பிடிக்கிற காசை இதில் போடு என்று சொல்வேன், ஏனென்றால் ஸ்க்ரூ தலை தேய்ந்துபோவது பெரும்பாலும் பிட் சரியில்லாததால்தான். நாம் எல்லாவற்றையும் ஸ்டார் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், அதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று பிலிப்ஸ், வெறும் கூட்டல் குறி. மற்றது போஸிடிரைவ், கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் குறுக்காக ஓடும், சமையலறைக் கீலிலும் டிராயர் சேனலிலும் பல சமயம் இதுதான் வரும். போஸி ஸ்க்ரூவில் பிலிப்ஸ் பிட்டை வைத்தால் உட்கார்ந்தது போல இருக்கும், இறுகும் நேரத்தில் எகிறித் தலையைத் தின்றுவிடும். பிலிப்ஸில் பிஹெச் 2, போஸியில் பிஇசட் 2, அலமாரிக்கு 4 மில்லிமீட்டர் ஆலன் (அறுகோண முனை), கொலுப்படியின் நட்டுக்குத் தகுந்த சாக்கெட், இவை இருந்தால் வீட்டு வேலையில் முக்கால்வாசி முடிந்தது. நாற்பது பிட் உள்ள மலிவான பெட்டியை விட நல்ல எஃகில் நாலு மேல். பிட்டின் பின்பக்கம் கால் அங்குல அறுகோணம், எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றேதான், அதனால் மிஷின் ஒரு கம்பெனி, பிட் வேறு கம்பெனி என்று தாராளமாக வாங்கலாம்.

எங்கள் திருவான்மியூர்ப் பக்கம் கடல் காற்றில் சாதா ஸ்க்ரூ நிற்பதே இல்லை. பால்கனி கொசுவலைக் கதவில் ஸ்க்ரூ தலை செந்தூரமாகப் பூத்து, தொட்டால் கையில் ஒட்டியது. அதை இந்த மிஷினால் கழற்ற முடியாது, ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, கையால்தான் எடுத்தேன். இப்போது அங்கே எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு சின்ன அசௌகரியம், பிட்டின் காந்தம் அந்த ஸ்க்ரூவைச் சரியாக இழுக்காது, பித்தளையை இழுக்கவே இழுக்காது, இடது கையால் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். மேடவாக்கம் உள்ளே தள்ளி இருப்பதால் உனக்கு இவ்வளவு மோசமாக இருக்காது, ஆனாலும் பாத்ரூமுக்கும் பால்கனிக்கும் எஸ்எஸ்ஸே போடு.

திரைச்சீலைக் கம்பி மாட்டவும் இதுவே போதுமா என்று கேட்டிருக்கிறாயே, போதாதடி. ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், கம்பி கட்டிய கான்கிரீட், அங்கே சாதா டிரில்லிங் மிஷினே திணறும், சுற்றும்போதே சுத்தியல் போல இடித்துத் துளைக்கிற ரோட்டரி ஹேமர் வேண்டும். வருஷத்தில் ஓரிரு தரம் வருகிற வேலைக்கு அதை வாங்கி வைக்காதே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் துளை போட்டு, ஸ்க்ரூ பிடிக்க உள்ளே செருகுகிற ராவல் பிளக் அடிக்கச் சொல்லிவிடு. அதற்குப் பிறகு பிராக்கெட்டை நீயே இந்த மிஷினால் மாட்டலாம். ஸ்விட்ச் போர்டைத் திறப்பதானால் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு. இந்த மிஷினின் பிட் வெறும் இரும்பு, அதற்கு இன்சுலேஷன் கிடையாது, பிளாஸ்டிக் உடம்பைப் பார்த்து ஏமாந்துவிடாதே. பிளேட்டைத் திரும்ப மூடும்போது கிளட்ச் 1-க்கு மேல் போகாதே, விளிம்பில் விரிசல் விட்டுவிடும்.

ஆன்லைனில் விலை தினம் மாறுகிறது, அதனால் நான் ஒரு தொகை சொல்லப்போவதில்லை. பாரிமுனைக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. லிங்கிச் செட்டித் தெருவிலும் செம்புதாஸ் தெருவிலும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், பிடி உன் கைக்கு அடங்குகிறதா, ரிவர்ஸ் பட்டன் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் படத்தைப் பார்த்துத் தெரியாது. அழுத்தினாலே சுற்ற ஆரம்பிக்கிற மாடலும் உண்டு, பாஷ் கோ அப்படித்தான், எனக்குப் பிடிக்கும், விரலுக்கு வேலையே இல்லை. உனக்கு அது ஒத்துவருமா என்று நீயே ஒரு ஸ்க்ரூ போட்டுப் பார்.

நவராத்திரிக்கு முன்னால் வாங்கிவிட்டால் கொலுப்படி பூட்ட யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹைகோர்ட் பஸ் ஸ்டாப்பில் நில், நானும் வந்துவிடுகிறேன். வரும்போது சமையலறைக் கீலிலிருந்து ஒரு ஸ்க்ரூ, கொலுப்படியிலிருந்து ஒரு நட்டு கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வா. எந்த பிட், எந்த சாக்கெட் என்று அங்கேயே வைத்துப் பார்த்து வாங்கிவிடலாம்.

அன்புடன்,
உன் லலிதா