பெல் பூட் எடுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர் அனைவருக்கும் வணக்கம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு, புதுக் குதிரை பிடித்தவர்கள் கடைக்கு வருவது வழக்கம். சேணம், கடிவாளம் எல்லாம் எடுத்துவிட்டுக் கடைசியாக, "62 இன்ச் குதிரைங்க, அதுக்குத் தகுந்தாப்புல பெல் பூட் ஒரு ஜோடி போடுங்க" என்பார்கள். உயரத்தைச் சொன்னால் போர்வைக்கு ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். முன்குளம்பையும் குதியையும் பின்கால் அடியிலிருந்து காக்க, குளம்பைச் சுற்றி மணி வடிவில் மாட்டும் உறையான பெல் பூட்டுக்கு அது உதவாது. ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு குதிரைகளில் மார்வாரிக்குக் குளம்பு ஒடுங்கி, குதி (குளம்பின் பின்பகுதி) உயர்ந்து இருக்கும். ரேஸிலிருந்து வந்த தரோபிரெட்டுக்குப் பல நேரம் குளம்பு விரிந்து, குதி தாழ்ந்து இருக்கும். முதல் குதிரைக்குக் கச்சிதமாக உட்காரும் பூட் இரண்டாவதற்கு ஏறவே ஏறாது. அளவைக் காலில்தான் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது, எந்த மண்ணுக்கு எந்த வகை தாங்கும், எதனால் கிழிகிறது என்பதையெல்லாம் இந்த மடலில் எழுதுகிறோம்.

முதலில், உங்கள் குதிரைக்கு இது வேண்டுமா என்று பாருங்கள். ஓட்டத்தில் பின்னங்கால் முன்னால் வரும்போது முன்னங்கால் தரையை விட்டுக் கிளம்பத் தாமதித்தால், பின்குளம்பின் நுனி முன்காலின் குதியில் போய் அடிக்கும். குதியில் இரண்டு உருண்டையாக இருக்கும் மெத்தென்ற சதை கிழிந்து தொங்கும். லாடத்தின் பின்முனையை மிதித்துவிட்டால் லாடம் பிய்ந்து, ஆணியோடு குளம்பின் சுவரும் பெயர்ந்து வரும். மயிரும் குளம்பும் சேரும் விளிம்பில் அடிபடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். குளம்பு அங்கிருந்துதான் வளர்கிறது. அங்கே ஆழமாக வெட்டுப்பட்டால் புதிதாக இறங்கும் குளம்பில் வெடிப்போ பள்ளமோ நிரந்தரமாகத் தங்கிவிடலாம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராத குளம்பு, விளிம்பிலிருந்து நுனிவரை வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

கெட்டியான தரையில் குதிரையை ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். காலடிச் சத்தத்துக்கு நடுவே இரும்பும் இரும்பும் மோதுகிற 'டிக் டிக்' கேட்டால் பின்லாடம் முன்லாடத்தைத் தட்டுகிறது. நிறுத்தி முன்காலைத் தூக்கிப் பார்த்தால், லாடத்தின் அடியிலோ பின்முனையிலோ புதுக்கீறல் பளபளக்கும். சத்தமும் இல்லை, கீறலும் இல்லை, குதியில் தழும்பும் இல்லை, தினமும் நடையும் மெதுவான ட்ராட்டும் மட்டும்தான் என்றால் பெல் பூட் இல்லாமலே ஓட்டலாம். தாண்டும் குதிரை, ரேக்ளாவில் ஓடும் குதிரை, இன்னும் கால் பழகாத இளங்குதிரை, முதுகு குட்டையாகவும் கால் நீளமாகவும் உள்ள குதிரை, இவற்றுக்கு வாங்குங்கள். லாடம் அடிக்காத குதிரைக்கும் குதிச்சதை கிழியும் என்பதை மறக்க வேண்டாம்.

தட்டுகிற சத்தம் கேட்டால் பூட் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். லாடக்காரரை வரச் சொல்லுங்கள். முன்குளம்பின் நுனி நீண்டு, குதி தாழ்ந்து கிடந்தால் கால் புரண்டு கிளம்பவே நேரம் பிடிக்கும். பின்கால் வந்து பிடித்துவிடும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை நுனியைக் குறைத்து லாடம் மாற்றும் குதிரைக்கும், லாடம் தானாகக் கழன்று விழும்வரை விட்டுவைக்கும் குதிரைக்கும் இந்த விஷயத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. பெல் பூட் அடியைத் தாங்கிக்கொள்ளும், அடி விழுவதை நிறுத்தாது. களைத்த குதிரையை உழவடித்த காட்டிலும் ஆழ மணலிலும் விரட்டினாலும் இதே கதைதான்.

இனி அளவு. துணி தைப்பவர் வைத்திருக்கும் டேப் போதும். இரும்பு டேப் வேண்டாம், வளைவில் படியாது. குதிரையைச் சிமெண்டுத் தரையிலோ கல் பாவிய கட்டுத்தரையிலோ நான்கு காலும் சமமாகப் பாரம் தாங்கும்படி நிறுத்துங்கள். ஒரு காலைத் தளர்த்தி நின்றால் அந்தக் காலின் அளவு தப்பும்.

முதல் அளவு, குளம்புக்கு மேலே கால் ஒடுங்கும் இடத்தின் சுற்றளவு. மயிர் விளிம்புக்குச் சற்று மேலே, பூட்டின் வாய் எங்கே உட்காருமோ அங்கே டேப்பைச் சுற்றுங்கள். தோலை இறுக்காமல், தொங்கவும் விடாமல் பிடியுங்கள். இரண்டாவது, குளம்பின் மிக அகன்ற இடத்தின் சுற்றளவு. குதிச்சதையையும் சேர்த்து, கிட்டத்தட்டத் தரையை ஒட்டிச் சுற்றினால் இது வரும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காலின் பின்புறம், குதிச்சதைக்கு மேலே விரல் வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். அந்தக் குழியிலிருந்து தரைவரை நேராக எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பூட் குதியை மூடுமா மூடாதா என்பதை முடிவு செய்வது இந்த அளவுதான்.

மூன்றையும் இரண்டு முன்கால்களிலும் எடுங்கள். இடதும் வலதும் ஒன்றாக இல்லாத குதிரைகள் நிறைய. ஒரு குளம்பு நிமிர்ந்தும் மற்றொன்று படுத்தும் இருக்கும். அப்படியானால் பெரிய காலுக்கு ஏற்ற அளவை எடுத்து, சின்னக் காலில் பட்டையைக் கூட இழுத்து ஒட்டக்கூடிய வகையாகப் பார்க்க வேண்டும். லாடம் மாற்றிய முதல் வாரத்தில் அளவெடுப்பது நல்லது. ஆறாவது வாரத்தில் வளர்ந்து கிடக்கும் குளம்பை அளந்து வாங்கினால், லாடம் மாற்றிய மறுநாளே பூட் தரையில் இழுபடும். வளர்ந்த குளம்பு மட்டுமல்ல, லாடத்தின் கனமும் உயரத்தில் சேரும். வெறுங்காலில் அளந்துவிட்டுப் பிறகு லாடம் அடித்தால் பின்பக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஸ்மாலாக இருக்கும். நாட்டு மட்டக்குதிரை, கத்தியவாரிக்குப் பெரும்பாலும் ஸ்மாலும், மார்வாரிக்கு ஸ்மால் அல்லது மீடியமும், தரோபிரெட்டுக்கு மீடியமும் பொருந்தும் என்பது தேட ஆரம்பிக்கும் இடம் மட்டுமே.

மாட்டிப் பார்க்கும்போது மூன்று இடத்தைக் கவனியுங்கள். மேல் வாய்க்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் சுற்றிலும் தாராளமாகப் போக வேண்டும். விரல் போகாவிட்டால் கால் மடங்கும்போது விளிம்பு தோலை அறுக்கும். இரண்டு விரல் சேர்ந்து போனால் பூட் ஆடும், சுற்றும், உள்ளே மண்ணை அள்ளும். அடுத்து பின்பக்கம்: குதிரை நேராக நிற்கையில் குதிச்சதையும் லாடத்தின் பின்முனையும் முழுசாக மறைந்து, தரைக்கும் பூட்டின் விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கி நின்றால் குதி வெளியே தெரியும். பூட் போட்டும் அடிபடும். தரையில் கிடந்தால் பின்கால் அதையே மிதித்து, குதிரை தடுக்கி விழும் அல்லது பூட் கிழியும். முன்பக்கம் குளம்பின் பெரும்பகுதி மூடியிருந்தால் போதும், கால்நுனி கொஞ்சம் தெரிவதில் தவறில்லை. கடைசியாகக் காலைத் தூக்கி மடக்கிப் பாருங்கள். மடக்கும்போது பூட்டின் வாய் முன்னால் போய் அழுத்தினால் அது சின்னது.

வகைக்கு வருவோம். பட்டையே இல்லாமல், இழுத்து மாட்டும் ரப்பர் பூட்டுக்குப் பிய்ந்துபோக ஒட்டும் கிடையாது, தையலும் கிடையாது. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டில் குதிரையை மேய விடுபவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். கொழுக்கட்டைப்புல்லின் கதிரும் நெருஞ்சியும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் சிக்கினால் சில நாளிலேயே ஒட்டு பிடிக்காமல் போகும். மேயும்போது பூட் கழன்று எந்தக் கிளுவை வேலியோரம் விழுந்தது என்று தேட வேண்டியதாகும். உள்ளே ஆட்டுமயிர் போலப் பஞ்சு வைத்த வகை இங்கே இன்னும் மோசம், புல்விதை அத்தனையும் அதில் குத்தி நின்று தோலை உறுத்தும். இழுத்து மாட்டுவதில் உள்ள ஒரே கஷ்டம், மாட்டுவதுதான். அதைப் பின்னால் சொல்கிறோம்.

தினமும் ஒரு மணி நேரம் சவாரி, பிறகு கழற்றி வைத்துவிடுவோம் என்பவர்களுக்கு வெல்க்ரோ வகை வசதி. ஒற்றைப் பட்டையை எடுக்காதீர்கள். இரண்டு பட்டை எதிரெதிராக வந்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும் வகை, ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். பட்டை 4 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அகலமாக இருக்கட்டும். மாட்டும்போது ஒட்டு காலின் முன்பக்கமோ வெளிப்பக்கமோ வர, பட்டையின் நுனி பின்னோக்கி இருக்க வேண்டும். உள்பக்கம் வந்தால் எதிர்க்கால் உரசிப் பிரித்துவிடும்.

பின்பக்கம் உள்ளே ஒரு குமிழ் வைத்த, சுற்றாத வகையும் உண்டு. கெட்டி நைலான் வெளியே, நியோப்ரீன் என்னும் மெத்தென்ற செயற்கை ரப்பர் உள்ளே. முன்பு சொன்ன அந்தக் குழியில் குமிழ் போய் உட்காருவதால் பூட் காலைச் சுற்றி வராது. தாண்டும் குதிரைக்கும் அரங்கில் வேலை செய்யும் குதிரைக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். ஆனால் உயரம் தவறினால் குமிழ் குழியில் இல்லாமல் குதிச்சதையின்மேல் ஏறி, அங்கேயே புண்ணாக்கும். நியோப்ரீன் வேர்வையை உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால் சித்திரை, வைகாசி வெயிலில் வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோப்பில் தண்ணீர் பாய்ந்த சேற்றிலும், பல்லடம், சூலூர் வட்டாரத்துக் கரிசல் மண் மழையில் நனைந்த நேரத்திலும் எந்த பூட்டும் திணறும். ஈரக் கரிசல் பூட்டைக் கீழே இழுக்கும், ஒட்டிய மண் பாரமாகும். வழவழப்பான ரப்பரில் மண் கொஞ்சம் குறைவாகத் தங்கும், ஒரு வாளி தண்ணீரில் போய்விடும். துணி உறை போட்டவை ஊறி, காய இரண்டு நாள் ஆகும். தனித்தனி இதழாகக் கோத்த வகையும் இருக்கிறது. இதழ் கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம், எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து அளவும் மாற்றலாம். சத்தம் போடும் என்பதால் மிரளும் குதிரைக்கு வேண்டாம்.

நீடிக்குமா என்று கையிலேயே சோதிக்கலாம். கீழ் விளிம்பை இரண்டு விரலால் மடித்து அழுத்துங்கள். மடிப்பில் பொடிப்பொடியாக வெடிப்புத் தெரிந்தால் அது வெகுநாள் அலமாரியில் கிடந்த ரப்பர், எங்கள் கடையிலானாலும் வாங்காதீர்கள். மேல் வாயின் விளிம்பைச் சுற்றிலும் விரல் ஓட்டுங்கள். அச்சில் வார்த்த பிசிறு நிற்கக் கூடாது. வெல்க்ரோப் பட்டை பூட்டோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் போதாது, கட்டம் போட்டு உள்ளே குறுக்குத் தையலும் இருக்க வேண்டும். வெல்க்ரோ பூட் கிழிவது முதலில் அங்கேதான்.

இழுத்து மாட்டும் வகையைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் இளகும். உள்ளே வெளியாகப் புரட்டி, அகன்ற பக்கம் குதிரையைப் பார்க்கும்படி பிடித்து, காலை முன்னால் தூக்கிக் கால்நுனியை உள்ளே விடுங்கள். அகன்ற விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தால் குறுகிய வாய் குளம்பைத் தாண்டி ஏறும். பிறகு கீழே புரட்டிவிட்டால் முடிந்தது. வழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவலாம். எண்ணெய் மட்டும் வேண்டாம். குளம்புக்குத் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ பூசும் பழக்கம் உள்ளவர்கள், பூட் போடும் நாளில் அதைத் தள்ளி வையுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி இளகி, விளிம்பு தளர்ந்துவிடும். வெயிலில் காய வைத்தாலும் வெடிக்கும், நிழலில் தொங்கவிடுங்கள். வெல்க்ரோவைக் கழுவும்போது ஒட்டி வைத்துக் கழுவி, காய்ந்தபின் பழைய சீப்பால் புல்லைச் சீவி எடுங்கள்.

முதல் நாள் கையில் பிடித்துப் பத்து நிமிடம் நடத்துங்கள். புதிதாகப் போட்ட குதிரை காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்கும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதன்பின்தான் ட்ராட். ஒவ்வொரு முறையும் ஈரமும் மண்ணும் இல்லாத காலில் போடுங்கள். பூட்டுக்குள் சிக்கிய மணல் தோலைத் தேய்க்கும், ஈரம் தோலை ஊற வைக்கும், பிறகு குதியின் மேல் வெடிப்பும் பொருக்கும் வரும். மேய்ச்சலில் முழுநாளும் போட்டிருப்பவர்கள் காலையும் மாலையும் கழற்றி, விரலால் தடவிப் பாருங்கள். மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் ஆறும்வரை பூட் வேண்டாம்.

லாரியில் ஏற்றும்போது நான்கு காலுக்கும் போடலாம். நெருக்கத்தில் தன் காலைத் தானே மிதித்துக்கொள்வதிலிருந்து மயிர் விளிம்பைக் காக்கும். பூட் இருந்தும் குதி கிழிந்துவிட்டால், சுத்தமான தண்ணீரில் மண் போகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், வந்தால் பிழைப்பது அரிது. தடுப்பூசி போட்ட தேதியை அவரிடம் சொல்லுங்கள்.

ஆர்டர் தரும்போது இவற்றை எழுதி அனுப்புங்கள்: இரண்டு முன்கால்களின் மூன்று அளவுகள் சென்டிமீட்டரில், கடைசியாக லாடம் மாற்றிய தேதி, குதிரை ஓடும் மண், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பூட் காலில் இருக்கும். கூடவே போனைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த குளம்பின் படம் ஒன்று. வந்த பூட்டை முதலில் கட்டுத்தரையில், சுத்தமான காலில் மாட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மண் படாமல் திருப்பித் தாருங்கள், வேறு அளவு மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடையினர்