ஒரு முறை கேளுங்கள், பதிந்து வையுங்கள்

வேலூர் மாவட்டத்தில் விபத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் நடந்த அந்தப் பேருந்து விபத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பிழைத்த என் அக்கா மகளைப் போன வாரம் மறுபடியும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதே கேள்விகள். பேருந்து எந்தப் பக்கம் சாய்ந்தது, பக்கத்து சீட்டில் இருந்தவரின் முனகல் எப்போது நின்றது. முன்பு சொன்ன ஒரு விவரம் இந்த முறை அவளுக்கு வரவில்லை. “பணத்துக்காக மாத்தி மாத்திப் பேசுறியாம்மா?” என்று கேட்டார் ஒருவர்.

ஐயா, அவள் மறக்கப் போராடிக்கொண்டிருக்கிறாள். குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பேருந்தில் வந்தால் பள்ளிகொண்டாவில் அந்தச் சாலையைப் பார்க்க வேண்டுமே என்று, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வருகிறாள். அப்படி வந்தவளிடம்தான் இந்தக் கேள்வி.

வேண்டாத நினைவை நாம் தடுக்கும்போது, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி, நினைவை மீட்டுத் தரும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலையை அடக்குகிறது. நினைவை ஆராயும் உளவியலாளர் மைக்கேல் ஆண்டர்சன் குழுவினர் 2004-ல் இதை மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். 2001-ல் அவர் நடத்திய சோதனையில், மனதுக்குள் வரவிடாமல் தடுத்த சொற்கள் பிறகு கேட்டபோது குறைவாகவே நினைவுக்கு வந்தன. சரியாகச் சொன்னால் பணம் என்றபோதும் அப்படித்தான். பாரிஸில் 2015 நவம்பரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் பிழைத்தவர்களை ஆராய்ந்தபோது, மன அதிர்ச்சி நோய்க்கு ஆளானவர்களிடம் இந்தத் தடுப்பு பலவீனமாக இருந்தது. ஆளாகாதவர்களிடம் வேலை செய்தது. இவளுக்கு நடப்பதும் இதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விவரம் விட்டுப்போனதை வைத்து ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்க யாருக்கு உரிமை?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒரு முறை கேளுங்கள், அதைப் பதிந்து வையுங்கள். சாட்சியின் வாக்குமூலத்தை ஒலி, ஒளிப் பதிவாக எடுக்க 2024-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இடம் தருகிறது.

மக்களுக்கு அலுவலகம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 2019-ல் மாவட்டத்தையே மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் ஓர் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலம் அடுத்த அலுவலகத்துக்குப் போவதில்லை. ஆதார் ஜெராக்ஸைக்கூட ஒவ்வொரு இடத்திலும் புதிதாகக் கேட்கிறார்கள். அடிபட்டவர்கள்தான் அலைய வேண்டுமா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அவள் கொடுத்த வாக்குமூலத்தைத் தயவுசெய்து உங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். இன்னும் கேட்க வேண்டியது இருந்தால், மனநல மருத்துவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு முறை கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய தாய்மாமன்,
குடியாத்தம்