புற்றுநோயாளிகளின் பயணமும் பேரிடர்த் திட்டத்தில் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூன்றாண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் 2025-26ஆம் ஆண்டிலேயே தொடங்கப்படும் என்றும் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொள்வதற்காக மதுரைக்கும் தஞ்சைக்கும் அலையும் செட்டிநாட்டு மக்களுக்கு இது நல்ல செய்திதான். ஆயினும், கொரோனா காலத்தில் எங்கள் பகுதி நோயாளிகள் பட்ட பாட்டை நினைக்கும்போது, இந்த ஏற்பாட்டில் முக்கியமான ஒன்று விடுபட்டிருப்பதாகவே தோன்றுகிறது.

2020 மார்ச் இறுதியில் தொடங்கிய பொதுமுடக்கத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு விலக்கு இருந்தது. அங்கே போய்ச் சேருவதற்குத்தான் வழியில்லை. கருப்பை வாய், வாய், தொண்டை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரங்கள் தொடர்ந்து கொடுக்கப்படுகிறது. இடையில் நாட்கள் விடுபட்டால் பலன் குறையும். காரைக்குடியிலிருந்து மதுரை பாலரெங்காபுரம் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவு, சென்னை 400 கி.மீ.க்கும் மேல். பேருந்தும் ரயிலும் ஓடாமல், தங்கும் விடுதிகளும் மூடிக் கிடந்த அந்த மாதங்களில், சொந்தக் காரும் சென்னையில் உறவினர் வீடும் இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளும் உள்ள குடும்பங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தன. கண்டாங்கிச் சேலை நெய்பவரும், ஆத்தங்குடிக் கல் வார்ப்பவரும், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவரும் அன்று வருமானமே இல்லாமல் இருந்தவர்கள். வாடகைக் காருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? மருத்துவக் காரணத்துக்கு இ-பாஸ் என்ற இணையவழிப் பயண அனுமதி வழங்கப்பட்டது உண்மையே. ஆனால் விண்ணப்பத்தில் வாகன எண் கேட்கப்பட்டது. வண்டியில்லாதவர் எதை எழுதுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ரயிலில் புற்றுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் வேறு பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளுக்கான சலுகை நீடித்தது. அடுத்த சில நாட்களில் ரயில்களே நின்றுவிட்டன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வழிச்செலவும், உடன் வருபவரின் சாப்பாடும், அவர் இழக்கும் கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. 108 ஊர்தி அவசரத்துக்கு உரியது, அன்றாடம் கதிர்வீச்சுக்கு அழைத்துப் போவதற்கு அல்ல.

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை நடந்த சிகிச்சையை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வு, புதிய நோயாளிகளின் பதிவு 54 சதவீதமும், பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. கதிர்வீச்சு பெற்றவர்களின் எண்ணிக்கையோ 23 சதவீதமே குறைந்தது. மருத்துவமனைக்குள் முன்பே வந்துவிட்டவர்களுக்குச் சிகிச்சை ஓரளவு தொடர்ந்தது, வாசலை எட்டாதவர்களே பெரிதும் விடுபட்டார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்பது வேறோர் ஆய்வின் முடிவு. அந்த நான்கு வாரங்களைக் கடப்பது ஒருவருக்கு எளிதாகவும் இன்னொருவருக்கு இயலாததாகவும் இருந்ததற்குக் காரணம் நோய் அன்று.

எனவே, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலேயே புற்றுநோயாளிகளின் பயணத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சையின் நடுவில் இருப்போரின் பட்டியலை மருத்துவமனைகள் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தர, தேவகோட்டையில் புறப்பட்டு காரைக்குடி, திருப்பத்தூர் வழியாக மதுரைக்கு நாள்தோறும் ஓர் அரசு வண்டி ஓடினாலே பலர் பிழைப்பார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மருந்தோடு வீடு தேடி வரும் பணியாளர்களுக்கு எந்த வீட்டில் யார் சிகிச்சையை விட்டுவிட்டார் என்பது தெரியும். அந்தத் தகவல் மேலே போக வேண்டும். காசியிலும் ராமேசுவரத்திலும் யாத்திரிகர்களுக்கு விடுதி கட்டி வைத்த மண் இது. அதே கொடையாளர் குடும்பங்கள் மதுரையில் மருத்துவமனைக்கு அருகே நோயாளிகளும் துணைக்கு வருவோரும் தங்க ஓர் இடம் அமைத்து, நெருக்கடிக் காலத்திலும் அது திறந்திருக்க அரசு அனுமதி பெற்று வைத்தால் பேருதவியாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டிநாடு ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியதன்று. கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், அங்கிருந்து காரைக்குடிக்கு வருவதுகூட அன்று மாவட்டம் தாண்டும் பயணமாகவே கருதப்பட்டது. ஆகவே, இந்தத் திட்டத்தை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்தே வகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.